புளி போட்டுத் தேய்த்த தகடு

எனக்கு என் மனைவி மேல் பொறாமை. இதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது. கூட வேலை பார்ப்பவன் மேல் பொறாமைப்பட்டால் அதில் ஒரு மரியாதையாவது இருக்கிறது. கட்டினவள் மேல், அதுவும் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் மேல் வயிறெரிந்தேன் என்று ஊரில் யாரிடம் போய்ச் சொல்வது?

அறுபதுகளின் தொடக்கம். மலைமேல் இருக்கிற ஜமுனாமரத்தூர் பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் வாத்தியார். மலைக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில், செப்புத் தகட்டைச் சுட்டு வெயிலில் வைத்தால் மின்சாரம் வரும் என்று படம் போட்டு எழுதியிருந்ததைப் படித்தேன். பித்துப் பிடித்துவிட்டது எனக்கு. திருப்பத்தூர் பாத்திரக் கடையில் தகடு வாங்கி, உள்ளங்கை அகலத்துக்கு வட்ட வட்டமாக வெட்டிக்கொண்டு வந்தேன்.

வேலை மூன்று. முதலில் தகட்டைப் பழுக்கக் காய்ச்ச வேண்டும். அப்போது மேலே கறுப்பாக ஒரு ஏடு படியும், அதற்கடியில் செம்பழுப்பாக மெல்லிய படலம் ஒன்று உண்டாகும். அடுத்தது ஆறவைப்பது. கடைசியில் கறுப்பைச் சுரண்டியெடுத்துவிட்டுச் சிவப்பை மட்டும் விட்டுவைப்பது. அந்தச் சிவப்பில்தான் எல்லாம் இருக்கிறது. அதை உப்புத் தண்ணீரில், சுடாத இன்னொரு தகட்டுக்கு எதிரே நிறுத்தி, இரண்டிலிருந்தும் கம்பி இழுத்துப் பள்ளிக்கூடத்தில் மின்சாரம் அளக்க வைத்திருந்த மீட்டரில் மாட்டி வெயிலில் வைத்தால் முள் நகரும்.

நகரும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. என்னிடம் அது நகரவில்லை. பம்ப் ஸ்டவ்வில் காய்ச்சி, இடுக்கியால் எடுத்துக் கல்தரையில் வைப்பேன். கறுப்பு தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிளேடால் சுரண்டினால் சிவப்பும் சேர்ந்து வந்துவிடும். எட்டு மாதம் இப்படியே போயிற்று. எட்டு மாதத்துக்கு ஒரே ஒரு தகடு தேறியது. முள் ஒரு நூல் அசைந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

இரண்டு நாள் கழித்து வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமையென்றால் செம்பு, பித்தளை ஒன்றுகூட மங்கலாக இருக்கக் கூடாது. மலையில் புளிக்கா பஞ்சம்? பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், என் தகடு புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, புதுக் காசு மாதிரி பளபளவென்று ஜன்னலில் இருக்கிறது.

"அடிப்பாவி! இன்னா காரியம் பண்ண?"

"கறை புடிச்சிருந்திச்சிங்க. தேய்ச்சி வெச்சேன். இன்னாத்துக்கு இப்பிடிக் கத்றீங்க?"

"அந்தக் கறைதான்டி உசுரு! புளி பட்டா அம்புட்டும் போச்சு!"

அவள் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மேல இருக்கற கறுப்பு தானா வுடாதா? நீங்க ஏன் சொரண்டறீங்க?" என்றாள். மக்கு, உனக்கு என்ன தெரியும் என்று திட்டிவிட்டு எழுந்து போனேன்.

அடுத்த வாரம் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. சந்தை நாள்வரைக்கும் கிடைக்காது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டேன். அவள் மூன்று தகடுகளை எடுத்து, சோறு கொதிக்கும்போதே விறகடுப்புத் தணல் மேல் வைத்திருக்கிறாள். சோற்றை வடித்து இறக்கிய கையோடு அப்படியே சாம்பலைப் போட்டு மூடிவிட்டுத் தண்ணீருக்குப் போய்விட்டாள். சாயங்காலம் நான் வந்ததும் என் எதிரிலேயே சாம்பலைக் கிளறி எடுத்தாள். பழுத்த புளியம்பழத்தின் ஓடு கழல்வதுபோலக் கறுப்பு தானாகக் கழன்று விழுந்தது. அடியில் சிவப்பு, ஒரு கீறல் இல்லாமல்.

"சூடு பண்றது ஒண்ணு, ஆற வெக்கறது ஒண்ணு, சொரண்டறது ஒண்ணுன்னு எதுக்குங்க மூணு வேலை? அடுப்பே ஒரே வேலையா செஞ்சிடுதில்ல?"

மறுநாள் வெயிலில் வைத்தேன். மூன்றிலும் முள் துள்ளியது. சந்தோஷப்பட வேண்டியவன்தானே நான்? ஐயோ, எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. எட்டு மாதம் நான் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன், இவள் சோறு வடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டாள். மெதுவாக ஆறவேண்டும் என்று பத்திரிகையிலேயே இருந்தது. நான்தான் பொறுக்கமாட்டாமல் இடுக்கியை நீட்டியிருக்கிறேன்.

விஷயம் கேள்விப்பட்டுத் தலைமை ஆசிரியர் வீட்டுக்கே வந்து பார்த்தார். "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்னு சும்மாவா சொன்னாங்க!" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். வல்லவனுக்கு என்றுதானே பழமொழி, இவளைப் பார்த்து ஏன் சொல்ல வேண்டும் என்று அன்று முழுக்கப் பொருமினேன். ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் வேறு, "சார், அடுத்த பாடம் நீங்க எடுக்கறீங்களா, வூட்டம்மா வர்றாங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் அவள் வைத்த குழம்பில் தினமும் உப்பில்லை என்று குறை சொன்னேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அந்த மாதமே கல்வி அதிகாரி ஒருவர் மலைக்கு வந்தார். மெட்ராஸில் பெரிய கண்காட்சி, மாவட்டத்திலிருந்து ஒரே ஓர் ஆசிரியர், அவர் பெயரை அட்டையில் எழுதி மேஜைமேல் வைப்பார்கள். ஏழு வருஷமாக இந்த மலையில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தவன் நான். அந்த அட்டை எனக்கு வேண்டும். எப்படியாவது வேண்டும்.

தலைமை ஆசிரியர் அன்று திருப்பத்தூர் போயிருந்தார். அதிகாரி எங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முள் துள்ளுவதைப் பார்த்தார்.

"பிரமாதம்! மூணு வேலைய ஒண்ணாக்கிட்டீங்களே. இது யாரோட யோசனை?"

"என்னோடதுதாங்க" என்றேன்.

அவள் அவருக்கு மோர் கொண்டுவந்து பக்கத்தில் நின்றிருந்தாள். டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை, உள்ளே போய்விட்டாள். அடுத்த வாரம் இந்த மூன்று தகடுகளோடு மெட்ராஸ் வந்துவிடுங்கள், அங்கே ஒன்றைச் செய்தும் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார்.

அவள் சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் மோர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். மூன்று தகடுகளும் ஜன்னலில், கண் கூசும்படி மின்னிக்கொண்டிருந்தன.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன், சிவப்பு துளியும் இல்லை. "என்னடி இது?"

"வெள்ளிக்கெழமைங்க" என்றாள். "தேய்ச்சி வெச்சேன்."

மிச்சமிருந்த தகடுகளை நானே அவள் அடுப்பில் வைத்துப் பார்த்தேன். சனிக்கிழமை வைத்தது வளைந்துபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை வைத்ததில் கறுப்பு பழையபடி தார். தணல் எந்த நிறத்தில் இருக்கும்போது வைப்பது, எப்போது சாம்பலை மூடுவது, எத்தனை கனத்துக்கு மூடுவது, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை காலையில் அடுப்பங்கரை வாசலில் போய் நின்றேன்.

"சாம்பல எப்ப மூடணும்? சொல்லேன்."

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "நீங்கதானங்க கண்டுபுடிச்சீங்க. என்னியப் போய்க் கேக்கறீங்களே."

உன் யோசனைதான் என்று அதிகாரிக்கு எழுதுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் சொல்லிக்கொடுத்திருப்பாள். அது அப்போதே எனக்குத் தெரியும். ஆனாலும் அட்டையில் அவள் பெயர் இருப்பதைவிட அட்டையே இல்லாமல் போகட்டும் என்றுதான் நினைத்தேன். கடுமையான காய்ச்சல், பிரயாணம் செய்ய முடியாது என்று அதிகாரிக்குக் கடிதம் எழுதிப் போட்டேன்.

தேய்த்து மின்னிய அந்த மூன்று தகடுகளில் ஒன்றை அவள் தண்ணீர்ச் சொம்புக்கு மூடியாக வைத்துக்கொண்டாள். வெள்ளி தவறாமல் புளி போட்டுத் தேய்ப்பாள். தாகமெடுத்துப் போய் நிற்கும்போதெல்லாம் அதில் என் முகம் தெரியும். அதை எடுத்து வைத்துவிட்டுத்தான் நான் தண்ணீர் குடித்தாக வேண்டும்.