கழுத்தளவுத் தண்ணீர்

ஜெயகுமாரிக்குப் பத்தொன்பது வயதிலேயே கழுத்து திரும்பாமல் போய்விட்டது. இடது பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் உடம்பையே திருப்பித்தான் பார்க்க வேண்டும். அப்படித் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு லோகநாதனின் முகம் ஞாபகத்துக்கு வரும். அது மறந்துவிடாமல் அவளும் பார்த்துக்கொண்டாள்.

அம்பத்தூருக்கும் அயனம்பாக்கத்துக்கும் நடுவே இருந்தது தாங்கல்மேடு பேரூராட்சி. அவள் அப்பா பாஸ்கல், அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஊர் வழக்கில் எஸ்டேட்டில், டர்னர். சின்ன வயதில் ஏரி மதகின் மேலிருந்து குதித்துக் குதித்தே வளர்ந்தவள் ஜெயகுமாரி. அதைப் பார்த்த பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர், பட்டணத்து நீச்சல் குளத்தில் சேர்த்துவிட்டாள். விடிகாலை மின்சார ரயிலில் போய், தலை ஈரம் காயாமலே வகுப்புக்குத் திரும்புவாள். மாநிலப் போட்டியில் டைவிங்கில் இரண்டாவதாக வந்தபோது மாதா கோயில் பூசையில் சாமியார் அவள் பெயரைச் சொன்னார். ஊருக்கே அவள் டைவ் அடிக்கிற பெண் ஆனாள்.

நம் பிள்ளைகள் ஏன் பட்டணத்துக்கு ஓட வேண்டும் என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பியது. ஊரிலேயே ஒரு நீச்சல் குளம் வேண்டும் என்று மாதா கோயில் வாசலிலும் மார்க்கெட்டிலும் நின்று கையெழுத்து வாங்கினார்கள். ஜெயகுமாரியும் நின்றாள். அரசாங்கம் விளையாட்டு நிதி ஒதுக்கியது, மீதி ஊர் வரிப் பணம். பேரூராட்சித் தலைவர் லோகநாதன் வேலையைத் தன் மைத்துனன் ரகுநாதனுக்குக் கொடுத்தார்.

வரைபடத்தில் குதிக்கிற பக்கம் இரண்டு ஆள் ஆழம். தோண்டிக்கொண்டு போனபோது பாதியில் பாறை தட்டியது. பாறையை உடைத்தால் லாபம் போய்விடும். ரகுநாதன் பாறைக்கு மேலேயே சிமெண்ட் போட்டு மெழுகிவிட்டு, முழு ஆழத்துக்கும் பில் போட்டான். லோகநாதன் தெரிந்தே கையெழுத்துப் போட்டார்.

எண்பத்தெட்டில் திறப்பு விழா. தண்ணீரில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிப் பால் மாதிரி ஆக்கியிருந்தார்கள். மேலே ரோஜா இதழ் வேறு. முதல் டைவ் ஜெயகுமாரிதான் அடிக்க வேண்டும் என்பது லோகநாதனின் ஏற்பாடு.

"ஆழம் பாத்தாச்சா அண்ணே?" என்று கேட்டாள்.

"அல்லாம் கரீட்டா கீது. நீ குதி கண்ணு, போட்டோகாரங்க காத்துகினு கீறாங்க."

குதித்தாள். முதலில் கை, பிறகு தலை தரையில் மோதியது. ரோஜா இதழுக்கு நடுவே ரத்தம் பரவியதைப் பார்த்து மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தினார்கள்.

உயிர் தப்பியதே பெரிது என்றார்கள் டாக்டர்கள். வலது தோள் நொறுங்கியது, கழுத்து எலும்பு நகர்ந்தது. ஆஸ்பத்திரிக்கு லோகநாதன் வரவில்லை. அவர் மனைவி வசந்தாதான் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். அடுத்த வாரக் கூட்டத்தில் லோகநாதன் மைக்கில் பேசியதை அப்பா வந்து சொன்னார்.

"கொயத்துல ஒரு கொறையும் இல்ல. அந்தப் பொண்ணு தப்பா குதிச்சிடுச்சி. போட்டோவுக்கு ஆசப்பட்டா அப்பிடித்தான்."

இதைச் சொல்லிவிட்டுப் பாஸ்கல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எலும்பு முறிந்தபோது அழாத ஜெயகுமாரி அப்போது அழுதாள். அதற்குப் பிறகு அவள் அழுததை யாரும் பார்த்ததில்லை.

போலீசில் புகார் நிற்கவில்லை. குளத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். ஜெயகுமாரி எஸ்டேட்டில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். நாளெல்லாம் குனிந்து தையல் பார்க்கிற வேலை, சாயங்காலம் கழுத்து தீயாக எரியும். அம்மா சகாயமேரி தைலம் தேய்த்துக்கொண்டே, "கர்த்தர் பாத்துப்பாரும்மா, வுட்டுடு" என்பாள்.

"அவர் பாக்கட்டும். நானும் பாக்கறேன்" என்பாள் மகள்.

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தார்கள். தாங்கல்மேட்டுத் தலைவர் பதவி பெண்களுக்கு என்று வந்தது. லோகநாதன் வசந்தாவை நிறுத்தினார். மறுநாளே ஜெயகுமாரி சுயேச்சையாக மனு போட்டாள். ஏணிச் சின்னம் கிடைத்தது. கம்பெனிப் பெண்கள் ஷிப்ட் முடிந்து வீடு வீடாக ஏறினார்கள்.

வாக்குப்பதிவுக்கு முந்தின வாரம் லோகநாதன் ஜீப்பில் வந்து, பூட்டிக் கிடந்த குளத்துக்கு எதிரிலேயே நிறுத்தி மைக்கைப் பிடித்தார். "இந்த ஊருக்கு நீச்சல் கொயம் குடுத்தது யாரு? நானு!"

ஜெயகுமாரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நீ கட்டின கொயம்தானே? அந்தப் பலகைமேல ஏறி ஒரு குதி குதி. நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"தமாசு பண்ணாதம்மா, போ."

"குதிக்க மாட்ட. உனுக்கு ஆழம் தெரியும்."

பெண்கள் சேர்ந்து தள்ளியதில் துருப்பிடித்த கேட் சாய்ந்தது. மழைத் தண்ணீர் விளிம்புவரை பச்சையாகத் தேங்கிக் கிடந்தது. ஜெயகுமாரி புடவையோடு இறங்கினாள். நீந்தவில்லை, நடந்தாள். ஊர் முழுக்கச் சுற்றுச்சுவரில் தொற்றிக்கொண்டு பார்த்தது. நேரே குதிபலகைக்குக் கீழே போய் நின்றாள். தண்ணீர் கழுத்தளவுதான். கால் தரையில் இருக்கிறது என்று காட்ட, நல்ல கையைத் தூக்கினாள்.

"இதுலதான் என்னை மேலேர்ந்து குதிக்கச் சொன்னான்!"

யாரோ ஒரு கிழவர் காறித் துப்பினார். கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து லோகநாதனுக்கு ஊரில் கழுத்தளவு என்றே பெயர். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால், "தலைவருக்கு ஒரு டீ, கழுத்தளவு ஊத்து" என்பார்கள்.

ஏணி சுலபமாக ஜெயித்தது. எண்ணிக்கை முடிந்து வெளியே வந்தபோது வசந்தா வாசலில் தனியாக நின்றிருந்தாள்.

"அவர் உனுக்குப் பண்ணது பாவம்தான், இல்லேன்னல. நான் இன்னா பண்ணேன்? என்னையும் பாத்துப் பாத்து சிரிக்கிறாங்களே."

ஜெயகுமாரி மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு நடந்தாள். அன்று ராத்திரி வசந்தா கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டில் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் செய்ததை நினைத்து அவள் வருந்தவும் இல்லை.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் செய்த முதல் வேலை லோகநாதன் மேலும் ரகுநாதன் மேலும் மோசடி வழக்கு. இரண்டாவது, குளத்துக்கு மறுபடியும் நிதி கேட்டது. ரோடு போடாமல் குளத்துக்குச் செலவா என்று உறுப்பினர்கள் கத்தினார்கள். "ரோடும் போடுவேன். ஊர்ப் பணத்துல பாதி முழுங்கின பள்ளம் அது, அதை முழுசாத் தோண்டாம நான் எழுந்து போவ மாட்டேன்" என்றாள். ஆட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து நிதியை வாங்கினாள். பாறைக்கு வெடி வைத்த நாளெல்லாம் கம்பெனி வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓரமாய் நின்று பார்த்தாள்.

குளத்தை மறுபடி திறப்பதற்கு முன் லோகநாதன் அவள் வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். ஜெயகுமாரி உள்ளே கூப்பிடவில்லை.

"கோர்ட்டுக்கு அலைய முடியலம்மா. சர்க்கரை வேற கீது. இன்னா சொன்னாலும் செய்யறேன்."

"நான் தப்பா குதிச்சேன்னு மைக்குல சொன்னியே. அதே மைக்குல மாத்திச் சொல்லு."

திறப்பு விழாவில் ஊர் முன்னால் அவர் ஏறிச் சொன்னார். "அந்தப் பொண்ணு சரியாத்தான் குதிச்சிச்சி. கொயந்தான் சரியில்ல. தப்பு என்னுது." முன்வரிசையில் பாஸ்கல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பலகையில் ஏறிக் குதித்தார்கள். ஒவ்வொரு தலையும் மேலே வருகிறவரை ஜெயகுமாரியின் கை நாற்காலியை இறுக்கிக்கொண்டே இருந்தது.

கூட்டம் கலைந்ததும் லோகநாதன் கிட்டே வந்தார். "சொல்லிட்டேம்மா. கேஸு?"

"கேஸை வுட்டுடறேன்னு நான் எப்ப சொன்னேன்?"

வசந்தா வந்து அவர் கையைப் பிடித்து அழைத்துப்போனாள்.

ஞாயிறு பூசை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சகாயமேரி மெதுவாகக் கேட்டாள். "ஊரு முன்னால கெஞ்சிட்டான். இப்பவாவது மன்னிச்சியா?"

"இன்னும் இல்லம்மா."

"எப்ப?"

"தெரியல. பஸ் வர்து, ஏறு" என்றாள் ஜெயகுமாரி.