சூடாக்கிக் கொடுத்த கறி

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் கொடுக்கும் சாப்பாட்டுக்கு அமுது என்று பெயர். கல்லடியில் ஒரு வீட்டில் அமுது சாப்பிட்டவர்கள் பொழுது சாய்வதற்குள் ஒருவர் பின் ஒருவராக வாந்தி எடுத்தார்கள். மறுநாள் காலை சுகாதாரப் பரிசோதகர், மிஞ்சிய உருளைக்கிழங்குப் பிரட்டலை ஒரு போத்தலில் போட்டு, நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தார். சமைத்த அம்மாவும் கூடவே வந்தார். இப்படியான வீடுகளில் சமைத்துத்தான் அவர் சீவியம். அடுத்த வாரத்துக்குச் சொல்லிவைத்திருந்த இரண்டு வீட்டாரும் அதற்குள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

எனக்கு உடனேயே சந்தேகம் வந்தது. சாப்பிட்ட சில மணித்தியாலங்களில் வாந்தி, காய்ச்சல் இல்லை. மனிதத் தோலிலும் மூக்கிலும் குடியிருக்கும் ஒரு பக்டீரியா உணவில் ஏறி, நம்முடைய வெக்கையில் பெருகி, நஞ்சைக் கக்கினால் இப்படித்தான் ஆகும். கிழங்கை முதல்நாள் பின்னேரமே அவித்து, கையால் தோலுரித்து மூடிவைத்ததாக அவரே சொன்னார். தேங்காய் துருவும்போது கிழித்த காயம் அவருடைய விரலில் இன்னும் ஆறவில்லை.

அந்தப் பக்டீரியா உப்புக்கு அஞ்சாது. அதனால் கிருமி வளர்க்கும் உப்புக் கூடிய கூழ்த் தட்டில் கறியைத் தடவி, உடல் சூட்டில் வைத்திருக்கும் இன்கியுபேட்டரில் வைப்போம். அது இருந்தால் இளஞ்சிவப்புத் தட்டு மஞ்சளாக மாறும். மறுநாள் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மிச்சக் கறியில் திரும்பவும் செய்தேன். அப்போதும் தட்டு கழுவிவைத்த மாதிரி இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டு, கறியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"இஞ்ச வரக்குள்ள பழுதாப் போகப்படாதெண்டு வடிவாக் கொதிக்க வெச்சுத்தான் குடுத்தன், மகள்" என்றார்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் எந்த வாயால் அவரைக் குறை சொல்வது? மிஞ்சிய கறியை அடுப்பில் ஏற்றி இறக்காமல் எங்கள் வீட்டிலும் யாரும் படுக்கப் போவதில்லை. கொதியில் பக்டீரியா செத்துவிடும். அது முன்பே கக்கிவைத்த நஞ்சு சாகாது. நிறமும் மணமும் இல்லாமல் கறிக்குள் அப்படியே கிடக்கும்.

அந்த நஞ்சையே நேராகப் பிடிக்கவும் வழி உண்டு. அதைப் பற்றிக்கொள்ளும் நுண்மணிகள் மிதக்கும் திரவத்தில் கறியின் சாற்றை விட்டால், நஞ்சு இருக்கும் இடத்தில் மணிகள் திரைந்த பால்போலக் கூடிவிடும். படிக்கும்போது கொழும்பில் ஒருமுறை செய்திருக்கிறேன். இங்கே அந்தப் பரிசோதனைக் கிட்டைக் கேட்டுக் கேட்டு வாய் அலுத்ததுதான் மிச்சம். கடைசிக் கரண்டிக் கறியை ஐஸில் வைத்துக் கொழும்புக்கு அனுப்பினோம். ஐஸ் கரைந்துவிட்டது, அளவும் போதாது என்று பரிசோதிக்காமலே கழித்துவிட்டார்கள். விரல் காயத்தைத் துடைத்தெடுத்துப் பார்த்ததில் அந்தப் பக்டீரியா இருந்தது. அதனால் என்ன? என் மூக்கைத் துடைத்தாலும் இருக்கக்கூடும். கறிக்குள் ஏறியது இதுதானா என்று ஒப்பிட, கறியில் ஒன்றும் உயிரோடில்லை.

கடைசியில் "கிருமி வளர்ச்சி இல்லை" என்று அறிக்கை எழுதினேன். படித்த படிப்பின் மேலேயே வெறுப்பு வந்தது.

விசயம் அறிய அம்மா கல்லடிப் பாலம் கடந்து நடந்தே வந்தார். வாசித்துக் காட்டியதும் அவருடைய முகம் தெளிந்தது. கறியில் பிழை இல்லைத்தானே என்று கேட்டார். அந்த இடத்தில் ஓம் என்று சொல்லிவிட்டால் இருவருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் ஆறாத விரலோடு அவர் இன்னொரு வீட்டில் கிழங்கு உரிப்பாரே. கிருமி செத்ததையும் நஞ்சு சாகாததையும் என்னால் முடிந்தவரை விளங்கப்படுத்தினேன். காயம் ஆறும்வரை சமைக்க வேண்டாம் என்றேன். கறியில் நஞ்சு இருந்ததா இல்லையா என்பது இனி யாருக்கும் தெரியவராது என்பதையும் சொன்னேன்.

அவர் அறிக்கையை மேசையில் என் பக்கம் தள்ளினார்.

"அப்ப பிழை எண்டாவது எழுதித் தாங்க மகள். அந்த வீட்டாக்கள்ட்டப் போய் மன்னிப்பாவது கேப்பன். இதக் கொண்டுபோய் நான் என்னத்தச் சொல்ற?"

அப்படியும் எழுத முடியாது என்றேன்.