எட்டு நுழையாத எண்

எண்பதுகளின் நடுப்பகுதியில், சண்டிலிப்பாயில், எனக்கும் சனீஸ்வரனுக்கும் ஒரு வழக்கு நடந்தது. சனீஸ்வரனுக்காக வாதாடியவர் பெரியம்மா. தீர்ப்புச் சொன்னவரும் அவரே. அம்மா இல்லாத எங்கள் வீட்டில் அவர் சொல்லுக்கு மேன்முறையீடு இருக்கவில்லை.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு எனக்கு வந்த சுட்டெண் 265265. பெரியம்மா விரல் மடித்து இலக்கங்களைக் கூட்டினார். இருபத்தாறு. இரண்டும் ஆறும் எட்டு. எட்டு சனியின் எண். பதிவிலக்கத்தைக் கூட்டினால் எட்டு வருமென்றால் எங்கள் ஊரில் பலர் சைக்கிள்கூட வாங்கமாட்டார்கள்.

"தம்பி, பிள்ளை உந்தச் சோதினைக்குப் போக வேண்டாம்" என்றார் அப்பாவிடம்.

அப்பா தலையைச் சொறிந்தார். "ஒருக்காத்தானே எழுதலாம், மச்சாள்."

"எட்டெண்டால் எட்டுத்தான்."

அந்தப் பரீட்சை தவறினால் பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடம் எனக்கில்லை. நான் அழவில்லை, அடுப்புக்கரி எடுத்தேன். கிணற்றடிச் சீமெந்தில், அவர் தண்ணீர் அள்ள வந்தே ஆகவேண்டிய இடத்தில், அந்த எண்ணை எழுதி வகுக்கத் தொடங்கினேன். ஏழு மிச்சமின்றிப் போனது. பதினொன்றும் போனது; பதின்மூன்றும் போனது. மூன்று இலக்கங்கள் அப்படியே இரட்டித்து நிற்கும் எந்த எண்ணும் இந்த மூன்றுக்கும் வழிவிடும் என்பதை, 352352, 418418 என்று எழுதி எழுதிக் கண்டுகொண்டேன். கடைசியாக எட்டால் வகுத்தேன். ஒன்று மிஞ்சியது.

பெரியம்மா வந்தார், பார்த்தார், ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். ஈரம் காய்ந்ததும் மறுபடி எழுதினேன். மறுபடி ஊற்றினார்.

"எட்டு இதுக்குள்ளை போகுதில்லை, பெரியம்மா. நீங்களே பிரிச்சுப் பாருங்கோ."

"கூட்டினால் வருகுதல்லோ?"

"அப்பிடிக் கூட்டி வாறது ஒன்பதாலை பிரிச்சால் மிஞ்சிற எட்டு. மிஞ்சினது வெளியிலைதானே நிக்கும்?"

"உவளின்ரை வாயைப் பார்!" என்று கிணற்றிடம் முறையிட்டார். ஆனால் அன்று வாளியை எடுக்கவில்லை.

பரீட்சையன்று காலை வாசற் படலையடியில் எனக்குத் திருநீறு பூசினார்.

"பதின்மூண்டும் போகுதெண்டு வடிவாத் தெரியுமோ?"

"ஓம்."

"சரி, போட்டு வா."

சனியைக் கணக்கால் வென்றவளாக அப்பாவின் சைக்கிள் பாரில் ஏறி அமர்ந்தேன். என் வகுத்தலில் பிழை இருந்ததென்று இன்றும் ஒப்புக்கொள்ளமாட்டேன். பரீட்சை மண்டபம் பட்டணத்தில், இராணுவம் இருந்த கோட்டைக்குக் கிட்ட இருந்தது. அங்கிருந்து எந்த நேரத்தில் ஷெல் குண்டு வருமென்று எவருக்கும் தெரியாது. அந்தப் பயத்தைப் பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்ல மனமில்லாத பெரியம்மாவுக்கு, சொல்லக்கூடியதாக ஓர் எட்டு அகப்பட்டிருந்தது. அதையும் நான் வகுத்து இல்லாமற் செய்த பிறகுதான், வேறு வழியின்றி, அவர் படலையைத் திறந்துவிட்டார்.