நாலு காலியிடம்

கணினி முன் உட்கார்ந்ததும் அண்ணன் கீழ் அம்புக்குறியை ஒரு முறை தட்டுவான், மேல் அம்புக்குறியை ஒரு முறை தட்டுவான். அப்புறம்தான் வேலை. கல்லூரியில் லினக்ஸ் கணினி கைக்கு வந்த நாளிலிருந்தே தங்கை இதைப் பார்த்துவருகிறாள். பிறவியிலேயே பார்வையில்லாதவன், எந்த வரியில் நிற்கிறோம் என்று இப்படித்தான் தெரிந்துகொள்வான். தட்டினால் ஸ்கிரீன் ரீடர் அந்த வரியைக் காதில் படிக்கும். அவன் அதை ஓடவிடும் வேகத்தில் மற்றவர்களுக்கு வண்டு இரைவதுபோலத்தான் இருக்கும். அலுவலகத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் ரேடியோ.

வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவர்கள் இவர்கள் இருவரும்தான். பாடப்புத்தகங்களை எல்லாம் அவள்தான் வாய் வலிக்கப் படித்துக் காட்டினாள். இப்போது பல் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் சிறு நிறுவனத்தில் அவன் நிரல் எழுதுகிறான், அவள் அதைச் சோதிக்கிறாள்.

ஒரு திங்கட்கிழமை, நிரல் எழுதும் மென்பொருளாக இனி எல்லோரும் ஒரே புது எடிட்டரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று மேலாளர் அறிவித்தார். அண்ணன் திறந்து அம்புக்குறியைத் தட்டினான். "சாளரம்" என்றது குரல். மறுபடி தட்டினான். மறுபடியும் "சாளரம்". எந்த வரியையும் அது படிக்கவில்லை. மேலாளர் கெட்டவர் அல்ல. மாதக் கடைசிக்குள் சரிப்படாவிட்டால் தொலைபேசிப் பிரிவில் நல்ல இடம் இருக்கிறது என்று தணிந்த குரலில்தான் சொன்னார்.

"நான் இருக்கேன்ல அண்ணா. நீ சொல்லு, நான் அடிக்கிறேன்" என்றாள் தங்கை. அரைமனதாகத் தலையாட்டினான். மூன்று நாள் நன்றாகவே ஓடியது. அவளுக்குள் பழைய பெருமை எட்டிப் பார்த்தது.

நான்காம் நாள் சோதனை ஓட்டம். நோயாளிகளுக்கு நினைவூட்டல் அனுப்பும் நிரல் அது. பட்டியலில் அலுவலகத்தார் நாற்பது பேரைப் போட்டிருந்தார்கள். யாருக்கும் எதுவும் வரவில்லை. கடைசிப் பெயருக்கு உரிய காவலாளி மட்டும் மூச்சிரைக்க மாடியேறி வந்து, "நாளைக்குப் பல்லைக் காட்ட வரச் சொல்லுதே தம்பி. இருக்கறதே பாதிதான், அதையும் புடுங்கிடுவாங்களா?" என்றார்.

அண்ணன் அந்த நிரலைப் பழைய எடிட்டரில் போட்டுக் கேட்டான். கால் மணி நேரத்தில் பிடித்துவிட்டான். அனுப்பும் வரியை அவள் இடம் மாற்றியபோது அதன் முன்னால் இருந்த நாலு காலியிடம் போய்விட்டிருந்தது. அந்த நிரல்மொழியில் எது எதற்குள் அடங்கும் என்று காட்டும் வேலி வரிக்கு முன்னால் விடும் காலியிடம்தான். ஒவ்வொரு பெயருக்கும் நடக்க வேண்டியது வேலிக்கு வெளியே விழுந்து, கடைசியில் ஒரே ஒருமுறை நடந்திருந்தது. திரும்பப் படி என்று அவன் சொன்னபோது அவள் சொற்களை மட்டும்தான் படித்தாள். காலியிடத்தை யார் வாய்விட்டுப் படிப்பார்கள்? ஸ்கிரீன் ரீடர் படிக்கும். கேட்காமலே அது சொல்லிப் பழகியவன், அவளிடமும் கேட்கவில்லை.

"உனக்கு அது ஒண்ணுமில்ல. எனக்கு அதுவும் எழுத்துதான்" என்றான். குரலில் கோபமில்லை. "நீ எனக்குப் படிக்க வேணாம். அது ஏன் படிக்கலன்னு கண்டுபிடி. அதுதானே உன் வேலை?"

சுருக்கென்று தைத்தது. கல்லூரியில் படித்துக் காட்டியபோது எதையெல்லாம் விட்டாளோ? அவன் படிக்க வேண்டும் என்பதுதான் தன் ஆசையா, தான் இல்லாமல் அவன் படிக்க முடியாது என்பதா?

அன்றே திரையை அணைத்துவிட்டு ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். புது எடிட்டர் எங்கெங்கே ஊமையாகிறது என்று தட்டித் தட்டிப் பதினேழு இடங்களைக் குறித்தாள். அண்ணன் அவற்றைச் செம்மைப்படுத்தி எடிட்டரை உருவாக்குகிறவர்களுக்கு அனுப்பினான். அவர்களில் ஒரு பெண் பதில் எழுதினாள்: எழுத்துகளை எடிட்டர் படம்போல வரைந்துவிடுவதால், அங்கே எழுத்து இருப்பதே ஸ்கிரீன் ரீடருக்குத் தெரியவில்லை, என் ஓய்வு நேரத்தில் சரிசெய்து தருகிறேன்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் புதிய பதிப்பு வந்தது. அண்ணன் தட்டினான். "நாலு காலியிடம்" என்று தொடங்கி வரி முழுவதையும் படித்தது குரல். தொலைபேசிப் பிரிவைப் பற்றி மேலாளர் பிறகு பேசவே இல்லை.

அந்தப் பெண் பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று. பார்வையில்லாத இன்னொருவர் இந்த எடிட்டரைத் திறந்தால் தடுமாறாமல் தொடங்க ஒரு வழிகாட்டி. ஒரே வாரத்தில் தருகிறேன் என்று அண்ணன் வாக்குக் கொடுத்தான். ஏழு மாதமாகிறது. அதற்குள் வழிகாட்டி எங்கே என்று கேட்டு இரண்டு பேர் கடிதம் எழுதிவிட்டார்கள். தங்கை நச்சரித்தால், "உன்னை மாதிரி எதையாவது விட்டுட்டுப் படிச்சிடக்கூடாதுல்ல, யோசிச்சுத்தான் எழுதணும்" என்கிறான்.

தினமும் காலையில் அவன் முதலில் திறப்பது அந்த வழிகாட்டிக்கான கோப்பைத்தான். கீழே ஒரு தட்டு. "காலி" என்கிறது குரல். மேலே ஒரு தட்டு. தலைப்பைப் படிக்கிறது. அதை மூடிவிட்டு அலுவலக வேலையைத் தொடங்குகிறான்.