ஆனைக்குட்டம் பக்கம் ஒரு காக்கிக் கூடாரம்

வெட்டவெளியில் ஓர் இரவு தூங்க வேண்டும் என்பது எங்கள் மகள் யாழினியின் கோரிக்கை. அவளுக்கு ஒன்பது வயது. இரண்டு முறை தள்ளிப்போட்டேன். ஒரு முறை மழை, ஒரு முறை என் சோம்பல். இரண்டுக்கும் மழை என்றே சொல்லியிருந்தேன். மூன்றாவது முறை அவளே வானிலையைப் பார்த்துவிட்டு வந்து நின்றாள். எனவே இந்த மாசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

மதுரையில் எங்கள் வீட்டிலிருந்து பகல் 2.10. விருதுநகர் 52 கி.மீ., சேர்ந்தது 3.20. எண்ணெய்ப் பரோட்டா எட்டும் கோழிச் சால்னாவும் பார்சல், 310 ரூபாய். ஆமத்தூரில் என் மனைவி செல்வியின் பெரியப்பா வீட்டில் காபிக்கு 25 நிமிடம். நாங்கள் தங்கவிருந்தது அவருடைய நிலம்தான். ஆனைக்குட்டம் அணைப் பக்கம், பருத்தி எடுத்து முடிந்த கரிசல் காடு.

"அங்கன எதுக்கு படுக்கணும்? வீட்ல ஃபேன் ஓடுதே" என்றார் பெரியப்பா. நான் காபியைக் குடித்தேன்.

5.15க்குக் கூடாரம் அடித்தோம். மூவர் படுக்கலாம், 4,200 ரூபாய், காக்கி நிறம். பச்சையும் நீலமும் முழு விலை; காக்கிக்கு மட்டும் தள்ளுபடி. அது ஏன் என்று கடையில் கேட்டிருக்க வேண்டும்.

பக்கத்து நிலத்தில் இருநூறு அடி தூரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதன் பின்னால் சூரியன் இறங்கியது அழகாக இருந்ததால் கிட்டப் போய்ப் படம் எடுத்தேன். பிறகு வழக்கம்போல் பாக்கெட் நோட்டில் நேரம் குறித்தேன். பத்து நிமிடத்தில் மொபெட்டில் ஒருவர் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். கூடாரத்தைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"சார் எந்த ஆபீஸ்லருந்து வாரீக?"

"ஆபீஸ் இல்லைங்க. குடும்பத்தோட ராத்திரி தங்க வந்தோம்."

"வீடு இல்லையா?"

இருக்கிறது என்றேன். அவர் முகத்தில் சந்தேகம் உறுதிப்பட்டது. வீடு இருப்பவன் காட்டில் படுப்பதற்குக் காரணம் இருந்தாக வேண்டும்.

எனக்கும் சந்தேகம் இருந்தது. கொட்டகையில் என்ன என்று கேட்டேன். "ஆட்டுக் கொட்டகை" என்றார். கதவருகே மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள் இரண்டு தொங்கின. அவர் நகக்கண்களில் வெள்ளிப் பொடி மின்னியது.

"ஆடெல்லாம் எங்க அங்கிள்?" என்றாள் யாழினி.

"மேயப் போயிருக்கு பாப்பா."

"இருட்டப் போகுதே?"

அவர் பேச்சை மாற்றி, நான் வெளியே எடுத்து வைத்த சின்ன கேஸ் அடுப்பைப் பார்த்தார். "அதைப் பத்த வச்சிராதீக. காத்து அடிக்கி." ஓர் இலைகூட அசையவில்லை.

புதியவர்களுக்கு: இந்தப் பக்கம் உரிமம் இல்லாமல் கொட்டகைகளில் பட்டாசு செய்வதும், பிடிக்க அதிகாரிகள் சொல்லாமல் வருவதும் உண்டு. அவர் பயந்தது என் நோட்டுக்கு. நான் பயந்தது அவர் கொட்டகைக்கு. இருவரும் மரியாதையாகச் சிரித்துக்கொண்டோம்.

ஏழரைக்குள் வரப்பில் அவரையும் சேர்த்து நான்கு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆறிய பரோட்டாவை நாங்கள் தின்பதை நால்வரும் கவனித்தார்கள். செல்விக்குப் பொறுக்கவில்லை. பெரியப்பாவை ஃபோனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏலே, யாருலே அங்கன? அது நம்ம செல்விலே! அந்தாளு அவ மாப்பிள்ளை. கொஞ்சம் கிறுக்கு, மத்தபடி ஒண்ணுமில்ல."

மொபெட்காரர் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆபீசருக்கும் மாமியார் வீடு ஆமத்தூர்ல இருக்கக் கூடாதா?"

செல்வி எழுந்தாள். அடுப்பையும் தீப்பெட்டியையும் அவர் கையில் கொடுத்தாள். என் பையிலிருந்து நோட்டையும் உருவிக் கொடுத்தாள். "வாசிங்க அண்ணாச்சி."

ஃபோன் வெளிச்சத்தில் அவர் சத்தமாக வாசித்தார். "விருதுநகர் மூணு இருவது. பரோட்டா எட்டு. சால்னாவுல எண்ணெய் சாஸ்தி." வரப்பில் சிரிப்பு. "இதையெல்லாமா எழுதுவீக? யாரு படிப்பா?"

"நானூறு பேர் படிக்கிறாங்க."

"பாவம்" என்றபடி அடுத்த வரிக்குப் போனவர் நின்றுவிட்டார். அதில் என் கையெழுத்தில் இருந்தது: 6.05, தகரக் கொட்டகை, சிவப்பு வாளி இரண்டு, பூட்டு புதுசு.

யாரும் சிரிக்கவில்லை. நான் அந்தத் தாளைக் கிழித்து அவரிடம் கொடுத்தேன். சூரியன் படத்தை அவர் கண்ணெதிரே அழித்தேன். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"பட்டாசுக் கம்பெனியில வேலை இல்ல மாப்ள. இந்த ஆர்டர் இன்னும் நாலு நாளு. அதுக்கப்புறம் நெசமாவே ஆடுதான்."

"அதுவரைக்கும் எங்க பிள்ளை இதுக்குப் பக்கத்துல படுக்க மாட்டா" என்றாள் செல்வி.

"எம் புள்ளையும்தான் தாயி" என்றார் அவர்.

நால்வரும் கூடாரத்தை அப்படியே தூக்கி, நிலத்தின் மறுகோடியில் நட்டார்கள். நானூறு தப்படி இருக்கும்.

அதன் பிறகு கிடைத்த இரவைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தீ இல்லை, விளக்கு இல்லை. அதனால் வானம் முழுதாகத் தெரிந்தது. கரிசல் மண் பாய்க்கு அடியில் சில்லென்று இருந்தது. யாழினி கார்த்திகைக் கூட்டத்தில் ஆறு எண்ணினாள், செல்வி ஏழு என்று அடம்பிடித்தாள். அணைப் பக்கம் ஏதோ பறவை கத்தியது. அவர்கள் இருவரும் தூங்கினார்கள். நான் கொட்டகை இருந்த திசையைப் பார்த்தபடி படுத்திருந்தேன். சற்றுத் தள்ளி வரப்பில் இரண்டு பேர் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

காலை 6.10க்கு நோட்டும் அடுப்பும் திரும்பி வந்தன, கூடவே தூக்குவாளியில் டீ. காசு வாங்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மாசியில் பனி குறைவு, ஒரு போர்வை போதும். சமையல் வேண்டாம், விருதுநகரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கூடாரம் அடிக்கும் முன் அக்கம்பக்கத்தில் யார் மகள், யார் மருமகன் என்று சொல்லிவிடுங்கள். காக்கி வேண்டாம். எந்த இடம், அணையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பின்னூட்டத்தில் கேட்க வேண்டாம்.

இந்தப் பதிவை ஞாயிறு இரவே எழுதி முடித்துவிட்டேன். வெளியிடவில்லை. திங்கள், செவ்வாய், புதன், வியாழன் நான்கு நாளும் காலையில் செய்தித்தாள் வந்ததும் செல்வி முதலில் விருதுநகர் மாவட்டப் பக்கத்தை எடுத்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்று வெள்ளி. இன்றும் ஒன்றும் இல்லை என்றாள். வெளியிடுகிறேன்.