வெறும் குப்பியும் லவங்கக் குப்பியும்

மூக்கை ஆராய்கிற இடத்தில் வேலைக்குச் சேருகிறவன் முதலில் விடவேண்டியது வாசனை சோப்பை. வாசனை மூக்கிலிருந்து மூளைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று ஆராய்ந்த ஒரு மேடத்தின் ஆய்வுக்கூடத்தில், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம், நான் அட்டெண்டராக இருந்தேன். எட்டாவது வரை படித்தவன். குப்பிகளைக் கழுவி, எண்ணி அடுக்குவது என் வேலை. கண்டிப்பான மேலதிகாரியிடம் காலம் தள்ளியவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

சோப்பு

பவுடர் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, திருநீறு கூடாது, காலையில் வெங்காயம் கூடாது. மேடமும் அப்படித்தான். சௌராஷ்டிரா வீட்டுப் பெண். கல்யாணத்துக்குப் போய்விட்டு நேரே வந்தால், தலையில் இருக்கும் மல்லிகைச் சரத்தை வாசல் வேப்பமரத்தில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். என் மனைவி ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டில் அவள் சொன்னது என் காதில் விழுந்தது: "யுனிவர்சிட்டி வேலைன்னு அனுப்பி வச்சேன். சாமியாராக்கித் திருப்பி அனுப்புறாக."

வெறும் குப்பி

ஒவ்வொரு சோதனையிலும் வாசனைக் குப்பிகளுக்கு நடுவே வெறும் தண்ணீர்க் குப்பி ஒன்று இருக்கும். முகர்கிறவருக்கு அது தெரியாது. ஒருநாள் ஒரு மாணவர் தண்ணீரை முகர்ந்துவிட்டு, மல்லிகை, சந்தேகமே இல்லை என்றார். நான் சரியாகக் கழுவவில்லையோ என்று பயந்து எல்லாக் குப்பிகளையும் தொட்டிக்குத் தூக்கிப் போனேன். மேடம் தடுத்தார். அந்தப் பையன் பொய் சொல்லவில்லை, மல்லிகை வரும் என்று எதிர்பார்த்தான், மூளையே அதை உண்டாக்கிக் கொடுத்துவிட்டது என்றார். "மூக்கு சும்மா இருந்தாலும் மூளை சும்மா இருக்காது அண்ணே."

பாய்

டவுனுக்குள் கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆக்குகிற பாய் ஒருவர் எங்களிடம் வந்தார். பரவை ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்து பின்மண்டையில் அடி. காயம் ஆறியது, வாசனை திரும்பவில்லை. தம் போட்ட பிரியாணியின் மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது. மூடியோரம் கசிகிற மணத்தை வைத்தே அவர் பதம் பார்த்து அடுப்பிலிருந்து தீயை இழுப்பார். மூக்கு போனபின் ஒரு கல்யாணத்தில் அண்டா முழுக்க அடிப்பிடித்துவிட்டது. இன்னொரு தடவை அப்படி ஆனால் தொழிலையே விடவேண்டியதுதான்.

மேடம் படம் போட்டுக் காட்டினார். மூக்கின் உச்சியில் சல்லடை மாதிரி ஓர் எலும்பு. அதன் ஓட்டைகள் வழியாக நூல் நூலாக நரம்புகள் மூளைக்குப் போகின்றன. தலை குலுங்கியதில் அவை அறுந்திருக்கும். கண் நரம்பு அறுந்தால் அறுந்ததுதான். இது பழசு விழுந்து புதுசு முளைக்கிற சாதி என்றார். என் மூக்கை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டேன். உறுதி ஏதும் தரமுடியாது, லவங்கம், ரோஜா, எலுமிச்சை, நீலகிரித் தைலம் நான்கையும் காலையும் மாலையும் முகர்ந்து பாருங்கள் என்றார். பாய் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மொளைக்கும்கிறீக, சரி. மொளைச்சது வழி தெரிஞ்சு உள்ள போகுமாம்மா?"

சரியான பதில்

நான்காவது மாதச் சோதனையில் பாய் சரசரவென்று பெயர் சொல்ல ஆரம்பித்தார். சில சரியாகவும் இருந்தன. நான் சந்தோஷத்தில் அடுத்த குப்பியை நீட்டினேன். "லவங்கம்" என்றார். அது வெறும் குப்பி. அதையே மறுபடி நீட்டினேன். ரோஜா என்றார்.

மேடம் பேனாவை மூடி வைத்தார். பாய் தலை குனிந்தார். ஒரு வாசனையும் தெரியவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்றார். "தெரியலை தெரியலைன்னே சொன்னா, இவன் தேற மாட்டான்னு நீங்களும் கைவிட்டுருவீகன்னு பயம்மா."

கருகல்

மேடம் கைவிடவில்லை. பத்தாவது மாதம் பாய் கோபமாக வந்து, வீட்டில் முகரக் கொடுத்தனுப்பிய குப்பிகளை மேசைமேல் வைத்தார். எல்லாம் கெட்டுப்போய்விட்டது, லவங்கம் டயர் எரிகிற மாதிரி நாறுகிறது, இனி வரமாட்டேன் என்றார்.

மேடம் எனக்குக் கண் காட்டினார். கூடத்துக் குப்பிகளை எடுத்து வந்தேன். வெறும் குப்பியை நீட்டினேன், ஒன்றுமில்லை என்றார். லவங்கத்தை நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாற்றி மாற்றி நீட்டினேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. மேடம் எழுந்து நின்றுவிட்டார். நரம்பு முளைத்து மூளைக்குப் போய்விட்டது, ஆனால் வேறு வீட்டுக் கதவைத் தட்டுகிறது. நாளாக ஆக நேராகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். பாய் லவங்கக் குப்பியை என் கையிலிருந்து வாங்கி மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வழிந்தது. "நாறட்டும்மா. பத்து மாசமா செத்துக் கெடந்த மூக்கு, நல்லா நாறட்டும்."

பந்தி

ரம்ஜான் கழிந்து எங்கள் இருவரையும் ஒரு கல்யாணத்துக்கு அழைத்தார். அடிப்பிடித்த பிறகு அவர் துணிந்து ஏற்ற முதல் கல்யாணம். அவர் மூக்கு இன்னும் நேராகவில்லை என்று மேடத்துக்குத் தெரியும். அடுப்புப் பக்கமே பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். பாய் மூடியோரம் குனிந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே நின்றார். சட்டென்று தீயை இழுக்கச் சொன்னார்.

மூடியைத் திறந்ததும் பந்தலே மணத்தது. பருக்கை பருக்கையாக நின்றது. அடியில் பொட்டுக் கருகல் இல்லை. எப்படி என்று மேடம் கேட்டார். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் சின்னச் சட்டியில் ஆக்கி, எந்த நாற்றத்துக்கு எந்தப் பதம் என்று பாய் முதலிலிருந்து பழகியிருக்கிறார். இருபது வருஷம் மூக்கை ஆராய்ந்த மேடம் வாயில் கைவைத்துக்கொண்டார். பாய் அவர் இலையில் இன்னொரு கரண்டி வைத்தார். "டயர் எரியிற வாடை உச்சத்துக்கு வந்துச்சு, தீய இழுத்துட்டேன். அம்புட்டுத்தாம்மா."

அத்தனை வருஷம் வாசனை சோப்பையே துறந்திருந்த நான், மறுநாள் லீவுதானா என்று காலண்டரை இரண்டு தடவை பார்த்துவிட்டு, அன்று பிரியாணி மணத்த கையைக் கழுவ மனம் வராமல் படுத்தேன்.