‘அண்ணை’ என்று கூப்பிடச் சொன்னவள்

ஒரு மனிதரைப் பொறியில் வீழ்த்திய சொல்லைப் பொலிசுக்குக் கொடுத்தவள் நான். ஆம், நானேதான்!

டென்மார்க் பொலிசுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். இங்கே ‘டொல்க்’ என்பார்கள். கிரின்ஸ்டெட் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர் மரியதாஸ். மன்னாரிலிருந்து அவர் கூப்பிட்டெடுத்த தம்பி, எஸ்பியர்க் துறைமுகத்தில் பிணமாக மிதந்தான். சந்தேகம் அண்ணன்மேல் விழுந்தது, ஆதாரம் இல்லை. நண்பனாக நடித்து வாக்குமூலம் வாங்க ஒரு தமிழ்ப் பொலிஸ்காரனை அனுப்பத் திட்டமிட்டார்கள். இவருடைய வாயைத் திறக்க வைப்பது எப்படி என்று என்னைக் கேட்டார்கள்.

நானோ பெரிய கெட்டிக்காரிபோல, “‘அண்ணை’ என்று கூப்பிடச் சொல்லுங்கள். தம்பி போனபின் அப்படிக் கூப்பிட அவருக்கு யாருமில்லை” என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது! உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்?

ஒலிப்பதிவு என் மேசைக்கு வந்தது. “சொல்லுங்கோ அண்ணை” என்கிறான் அந்தப் பொய்த் தம்பி. மரியதாஸ் விம்முகிறார். “இங்கை கூப்பிட்டு... நான்தான் அவனைச் சாகக் குடுத்தனான்.”

சாகக் கொடுப்பது! பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் அப்படித்தானே சொல்லி அழுவாள்? உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் டெனிஷில் நான் எழுதியது, ‘அவனைச் சாகவைத்தவன் நான்’ என்று. ஏன் எழுதினேன்? என் யோசனை பலித்ததென்று காட்டத்தானே... பாவி நான்!

அவரைச் சிறையில் வைத்தார்கள். அவருடைய வழக்கறிஞர் விடவில்லை. இரகசியத் திட்டத்தின் பதிவுகளைத் தரவேண்டுமென்று வாதாடினார். நீதிமன்றமும் கொடுக்கச் சொன்னது. ‘அண்ணை’ அதில் இருந்தது. என் பெயர் இல்லை. ‘மொழி ஆலோசனைப்படி’ என்று மட்டும் இருந்தது. தூண்டில் போட்டு வாங்கிய வாக்குமூலம் செல்லாதென்று அவரை விடுவித்தார்கள். என் மொழிபெயர்ப்பை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? “தம்பியைத் திண்டவன் போறான்” என்று எங்கள் சனம் இன்றும் சொல்கிறது. அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டாராம்! அந்த ஒரு வரி பிழையென்று நான் சொன்னால் போதும். சொல்லவில்லை... வேலை போய்விடும் என்ற பயம்.

போன ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து வாசலில் நின்றேன். மரியதாஸ் என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, நீர் பொலிசிலை டொல்க் வேலை செய்யிறனீரெல்லே? அந்தப் பெடியன் கூப்பிடேக்கை என்ரை தம்பி கூப்பிட்ட மாதிரியே கிடந்தது. அப்பிடிக் கூப்பிடச் சொல்லிக் குடுத்தது ஆரெண்டு தெரியுமோ?”

“தெரியாது, அண்ணை” என்றேன்.

ஐயோ... அதே சொல்!

அதைக் கேட்டதும் அவர் முகம் இளகிவிட்டது. “நல்லா இரும், தங்கச்சி” என்று வாழ்த்திவிட்டுப் போனார்.